மாசி மீனில்லையாம்

நேற்று மகள் எருமைத் தயிர்ச் சட்டியைத் தள்ளி வைத்துவிட்டாள். நாலு மாதக் கர்ப்பிணி. "பால், தயிர் ஒண்டும் தொடமாட்டன் எண்டு எத்தின தரம்மா சொல்றது?" என்றாள். மட்டக்களப்பில் பிறந்தவளுக்குத் தயிர் வேண்டாமாம்! எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அவளுடைய குரக்கன் கூழில் ரெண்டு கரண்டி பால்மாவைக் கரைத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? பால்மா டின்னைத் திறந்தேன். அந்த வாசம் மூக்கில் ஏறியதும், செத்துப்போன என் மாமியார் நினைவுக்கு வந்துவிட்டார்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். என் புருஷனோடு அவர் தாயும் வந்தார், தாயோடு வாவி மீனும் வந்தது. நானோ பள்ளிக்கூடக் காலத்திலேயே மீன், இறைச்சி என்று மச்சம் எல்லாம் விட்டவள். நேர்த்திக்கடன் எல்லாம் இல்லை, பிடிக்கவில்லை, அவ்வளவுதான். இந்த மகள் வயிற்றில் வந்ததும் தொடங்கியது சண்டை.

"மீன் தின்னாம புள்ள எப்பிடிகா வளரும்? உனக்குப் பிடிவாதம், அதுக்குப் பட்டினியா?"

ஒருநாள் தேங்காய்ச் சம்பலை வாயில் வைத்தவுடன் மீன் மணந்துவிட்டது.

"மாமி, மாசிக் கருவாடு போட்டீங்களா?"

"மாசி மீனாகா? அது சம்பலுக்குப் போடுற சாமான்!"

சம்பலைக் கோப்பையோடு நாய்க்கு வைத்தேன். நாயும் மாமியும் ஒன்றாக என்னை நிமிர்ந்து பார்த்தார்கள்.

ஆனால் பயம் எனக்கும் இருந்தது. ரத்தம் குறைவென்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். பிள்ளைக்கு ஏதாவது வந்தால் என் தலையில்தானே விடியும்? மருத்துவமாது முகத்துக்கு நேரே சொன்னார்: "மச்சம் இல்லாமலும் பெறலாம். ஆனா பிடிவாதத்தில ரத்தம் ஊறாது. பயறு, கௌப்பி, கீரை விடாமச் சாப்பிடுங்க. தேசிக்காய் புளிஞ்சு விடுங்க. சாப்பாட்டோட தேத்தண்ணி வேண்டாம். இரும்புச்சத்துக் குளிசையை மறந்திராதீங்க."

முருங்கையிலையை ஆடு மாதிரித் தின்றேன். தேத்தண்ணியைத் தள்ளிவைத்ததுதான் பெரிய தவம். அடுத்த முறை பார்த்தபோது ரத்தம் ஏறியிருந்தது. வீட்டுக்கு வந்து நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். மாமி அசையவில்லை.

"அண்டைக்கு நக்கின மாசிதான்கா ஏறியிருக்கு."

சாகும்வரை அவர் அந்தக் கதையை விடவில்லை. நானும் விடவில்லை.

பால்மா டின்னை மூடிவிட்டேன். "பி டுவெல்வ் குளிசை போட்டியா?" என்று மட்டும் மகளிடம் கேட்டேன். "டொக்டரிட்டக் கேட்டு எல்லாம் எடுக்கிறன், உங்கட வேலையப் பாருங்க" என்றாள். அந்த வாய் யாருடையது என்று எனக்குத் தெரியும்.

இன்று காலை பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "தாய் சொல்லியும் மகள் கேக்கிறாளில்லையாக்கா?"

"நான் ஆர்ர சொல்லக் கேட்டன்? மச்சம் தொடாமப் பெத்த புள்ளதான் இவள். நல்லாப் பாருங்க, என்ன குறை?"

அந்த நேரம் குசினி அடுப்படிக்குள்ளிருந்து, "மாசியால வளந்தவள்கா!" என்று ஒரு குரல் வந்திருக்க வேண்டும். அதற்குக் கொடுக்க என்னிடம் இன்னும் நல்ல பதிலெல்லாம் இருக்கிறது. வாங்கிக்கொள்ளத்தான் மாமி இல்லை.