ஒரு நாள் மட்டும் என்னோடதா இருந்த ஊத்

கார் ஏசி காத்துல பழைய மர வாசனை... பின் சீட்டுல வெல்வெட் துணி சுத்தின ஊத், அரபு நாட்டுத் தந்தி வாத்தியம். எதிர்ல, கண்ணாடி முழுக்க சிவந்துக்கிட்டே வர்ற வானம்.

இன்னைக்கும் அந்த செவப்பைப் பாத்தா என் கண்ணு வாட்சுக்குத்தான் போகும்.

மூணு நாலு வருஷம் முந்தி நான் இங்க கல்ஃப்ல ஒரு மியூசியத்துல ஹால் சூப்பர்வைசர். சேர் போடணும், மைக் டெஸ்ட் பண்ணணும், அவ்வளவுதான். படிப்பு ப்ளஸ் டூ. அதுலயும் வரலாறு ஜஸ்ட் பாஸ். யூதக் கலை நிகழ்ச்சிகளைப் பாத்துக்கிட்டிருந்த மேடம் திடீர்னு ஆபரேஷன்னு ஆஸ்பத்திரியில படுக்க, மொத்தத்தையும் என் தலையில கட்டிட்டாங்க. வரலாறு வாத்தியார் கேட்டிருந்தா சிரிச்சே செத்திருப்பார்.

ஊத் வாசிச்சுப் பாட வந்தவர் எஸ்ரா. அறுபது வயசிருக்கும். பாக்தாத்துல இருந்து கிளம்பிப் போன யூதக் குடும்பம். சனிக்கிழமை ராத்திரி கச்சேரி. அவர் சொன்ன கண்டிஷன் ஒண்ணே ஒண்ணு...

வெள்ளிக்கிழமை சூரியன் மறையறதுக்குள்ள ஹோட்டல்ல இருக்கணும். அப்புறம் மறுநாள் இருட்டுற வரைக்கும் அவங்களுக்கு ஓய்வு நாள். கார்ல ஏற மாட்டார். போனைத் தொட மாட்டார். தெருவுல எதையும் தூக்கிட்டுப் போக மாட்டார்.

நான் என்ன பண்ணேன்? வெள்ளிக்கிழமை மத்தியானம் ரிகர்சல் வச்சேன். ஏன்னா நான் பழைய கல்ஃப் ஆளு. வெள்ளிக்கிழமைன்னா லீவு, ரோடு காலின்னு மண்டையில ஊறிப்போச்சு. லீவை சனி, ஞாயிறுன்னு மாத்தினதுக்கு அப்புறம், அரை நாள் வேலை முடிச்ச அத்தனை பேரும் ஒரே நேரத்துல ரோட்டுல இறங்குறாங்கங்கறது அன்னைக்குத்தான் எனக்கு உறைச்சுது.

ரிகர்சல் முடிஞ்சு ஹோட்டலுக்குக் கிளம்பினா, நாலு லேன்லயும் வண்டி. ஒண்ணும் நகரலை.

டிரைவர் கீழக்கரைக்காரர். அவங்க ஊர்ல அண்ணனைக் கூப்பிடுற மாதிரி, காக்கான்னுதான் கூப்பிடுவேன்.

"காக்கா, மக்ரிபுக்கு இன்னும் எவ்வளவு நேரம்?"

"நீ எதுக்குடா மக்ரிப் கேக்குற? தொழப் போறியா?"

"இவருக்கும் அதே சூரியன்தான் காக்கா!"

காக்கா கண்ணாடியில எஸ்ராவைப் பாத்தார். சிரிப்பு போயிடுச்சு. "யா அல்லா... தம்பி, இனி இருக்கிறது கொஞ்ச நேரம்தான்."

கச்சேரி போச்சு, வேலை போச்சு, விசா போச்சு, ரெண்டு பிள்ளைங்க ஸ்கூல் போச்சு... இப்படி வரிசையா ஓடுது மனசுல.

எஸ்ரா மட்டும் பதறலை. வண்டியை ஓரங்கட்டச் சொன்னார். இறங்கினார். போன், பர்ஸ், எல்லாத்தையும் எடுத்து என் கையில வச்சார். கடைசியா ஊத்.

"இதெல்லாம் இப்ப உன்னோடது. நான் உனக்குக் குடுத்துட்டேன்."

வேணாம்ங்கறதுக்கு எனக்குத் தெரிஞ்ச அரபியில, "லா, லா, மிஸ்டர்!"ன்னேன்.

வழியில மாட்டிக்கிட்டா இப்படித்தான், தன்னோடதை வேற மதத்து ஆளுக்குக் குடுத்துடுவோம், அது எங்க பழைய வழக்கம்னார். ஊத் அவரோட தாத்தாவோடதாம். ஊரை விட்டு வந்தப்ப ரஜாய்ப் போர்வைக்குள்ள சுருட்டி எடுத்துட்டு வந்ததாம். அதைக் கேட்டதும் அது இன்னும் கனத்துப்போச்சு.

காக்காவை வண்டியோட விட்டுட்டு சர்வீஸ் ரோட்டுல நடந்தோம். அவர் கையை வீசிக்கிட்டு, மெதுவா ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கிட்டு. நான் ஊத்தை ஆஸ்பத்திரியில குழந்தையை வாங்கின அப்பன் மாதிரி கட்டிப்பிடிச்சுக்கிட்டு. போலீஸ் நிறுத்தினா? இது யாரோடதுன்னு கேட்டா? என்னோடதுன்னா எவன் நம்புவான்? தடுக்கி விழுந்தா?

பாங்கு சத்தம் கேட்டுச்சு. அவர் ஒரு நிமிஷம் நின்னு வானத்தைப் பாத்தார். நானும் பாத்தேன்.

ஹோட்டல் வாசல்ல தானாத் திறக்கிற கண்ணாடிக் கதவு. தான் போய் நின்னு அது திறக்கக் கூடாதாம். யாராவது வெளிய வர்ற வரைக்கும் நின்னோம். ஒரு பிலிப்பினோ குடும்பம் வந்துச்சு. சட்டுனு உள்ள நுழைஞ்சவர், லிஃப்ட்டை விட்டுட்டு படியில ஏறிப் போயிட்டார்.

ஊத்தோட முவைலாவுல என் வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் சம்சாரம், "என்னங்க இது, பலாப்பழத்தைப் பாதியா அறுத்த மாதிரி?"

"தொடாத! யாரும் தொடாதீங்க!"

"கொண்டாந்த நீங்களே தொட்டுட்டுத்தான இருக்கீங்க!"

பீரோ மேல வச்சேன். சின்னவன் பந்து விளையாடுறான்னு இறக்கினேன். கட்டில்ல வச்சேன், பெரியவ உக்காந்துடுவாளோன்னு எடுத்தேன். சனிக்கிழமை பகல் முழுக்க நான் உக்காரவே இல்லை.

இருட்டினதும் ஹோட்டலுக்கு ஓடினேன். நீட்டினேன். அவர் கையை நீட்டலை.

"அது உன்னோடதாச்சே. எனக்குத் தருவியா?"

விளையாட்டாக் கேக்கலை. நெசமாவே கேட்டார். நான் தர மாட்டேன்னா அவ்வளவுதான் போல. "தர்றேன் சார்... எடுத்துக்கோங்க"ன்னேன். அப்பத்தான் வாங்கினார்.

அன்னைக்குக் கச்சேரியில முதல் தந்தி ஒலிச்ச பிறகுதான் எனக்கு மூச்சே வந்துச்சு.

அவர் அப்புறம் இந்தப் பக்கம் வரலை. அந்த மாதிரி நிகழ்ச்சிகளும் இப்ப குறைஞ்சுபோச்சு. வர்ற வாத்தியங்களும் பூட்டுப் போட்ட பெட்டியில, இன்ஷூரன்ஸ் பேப்பரோட, கூடவே ஒரு ஆளோட வருது. நான் தள்ளி நின்னு கதவைத் திறந்து விடுறேன். உடைஞ்சாலும் என்னை யாரும் கேக்கப் போறதில்லை.

இப்ப வெள்ளிக்கிழமை சாயங்காலம் டிராஃபிக்ல நான் வானத்தையே பாத்துட்டிருந்தா, பெரியவ "ரிலாக்ஸ்ப்பா, இன்னைக்கு கார்ல நாம மட்டும்தான்"ங்கறா.

ஆமா... நாம மட்டும்தான். பின் சீட்டுல பயப்பட ஒண்ணுமே இல்லை.

ஆனாலும் திரும்பி ஒரு தடவை பாத்துக்குவேன்.