மூணாவது ஆள்

எங்கள் இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் அவளுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான். மற்றபடி எல்லாருக்கும் அவள் 'மூணாவது ஆள்'. கல்யாணமாகாத ஆணும் பெண்ணும் தனியாக உட்காரக் கூடாது என்பது சட்டம். அதற்காகக் காதல் சும்மா இருந்துவிடுமா? நெஞ்சு படபடக்கும் பெண்களெல்லாம் எங்கள் விடுதி அறைக்கதவைத் தட்டி, "அடியே, கேன்டீன் வரைக்கும் வாயேன், ப்ளீஸ்" என்று இவளை இழுத்துக்கொண்டு போவார்கள்.

இவளும் போவாள். மேசை ஓரத்தில் உட்கார்ந்து, இயர்போனை முக்காட்டுக்குள் நுழைத்துக் காதில் மாட்டி, "நான் பயான் கேக்குறேன், நீங்க பேசுங்க" என்பாள். மார்க்கச் சொற்பொழிவில் மூழ்கியவள் மாதிரி கண்ணையும் மூடிக்கொள்வாள். வயரின் மறுமுனை பைக்குள் எதிலும் சொருகாமல் கிடப்பது அறைத்தோழியான எனக்கு மட்டும் தெரியும். கள்ளி! யாருக்கு என்ன செல்லப்பெயர், எவன் அழுதான், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஒரு வார்த்தை வெளியே விடமாட்டாள், என்னிடம்கூட. அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் தீரவில்லை.

பல் மருத்துவம் படிக்கும் ஒருத்தியின் காதலன், தன் பக்கத் துணையாக ஒரு நெட்டையனைக் கூட்டி வருவான். நெட்டையன் மேசையின் மறு ஓரத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்து, பாதியை இவள் பக்கம் தள்ளுவான். ஊரெல்லாம் கடலை போட, இவன் உரித்தே கொடுத்தான். பேச்சு மட்டும் கிடையாது. இவளோ அறைக்கு வந்து தலையணையைக் கட்டிக்கொண்டு சிரிப்பாள். ஆள் கவிழ்ந்தாச்சு.

ஒரு மதியம் அந்த ஜோடி நிக்காஹ் நிச்சயமான சேதியோடு வந்தது. நிக்காஹ் முடிந்துவிட்டால் அவர்களுக்குத் துணை எதற்கு? இவள் முகம் தொங்கிவிட்டது. நான் அடுத்த மேசையில் இருந்தேன். நெட்டையன் நண்பனிடம் முணுமுணுத்தான்: "இனிமே இந்தப் பொண்ணை எங்கடா பாக்குறது? பேசலாம்னா எப்பவும் காதுல அதை மாட்டிக்கிட்டே இருக்கு."

இவளுக்குக் கேட்டுவிட்டது. கேட்டது என்று சொன்னால் அத்தனை ஜோடிகளின் ரகசியத்தையும் கேட்டதாகிவிடும்; பிய்த்து எடுத்துவிடுவார்கள். சொல்லாவிட்டால் நெட்டையன் போயே போய்விடுவான்.

இவள் வயரை உருவி மேசைமேல் போட்டாள். "இதுல ஒண்ணும் ஓடல. எப்பவுமே ஓடினதில்ல."

பல் மருத்துவக்காரி அலறினாள். "அடிப்பாவி! அப்போ நாங்க பேசினதெல்லாம்?"

"எல்லாம்தான்."

நெட்டையன் அசடு வழியச் சிரித்தான். "நாளைக்கு வர்றீங்களா?"

"மூணாவது ஆள் வேணுமே?"

"நான் கூட்டிட்டு வர்றேன்."

மறுநாள் கூட்டி வந்தான், தன் உம்மாவை! இவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த அம்மாள் இவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஓர நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார்.

"அதைக் குடும்மா."

இவள் இயர்போனைக் கொடுத்தாள். அவர் அதை முக்காட்டுக்குள் நுழைத்துக் காதில் மாட்டி, வயரின் நுனியை மடியில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார்.

"நான் பயான் கேக்குறேன். நீங்க பேசுங்க."