பிலாத்துவின் தாம்பாளம்

ரோமாபுரிப் பேரரசு மொத்தமும் இரண்டு தகரப் பெட்டியிலும் மூன்று சாக்கிலும் அடங்கிவிடும் என்பது நாடக டிரெஸ் வாடகைக்கு விடுகிறவனுக்கு மட்டுமே தெரிந்த உண்மை.

காரைக்காலில் நாற்பது வருஷமாக இதுதான் என் பிழைப்பு. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் வந்தால் சுற்றியுள்ள ஊர்களில் பாஸ்கா நாடகம் போடுவார்கள். இயேசுநாதர் பட்ட பாடுகளை நடித்துக் காட்டுகிற நாடகம். அதில் இயேசுநாதருக்கு ஒரு வெள்ளை அங்கி போதும். மீதி அத்தனை பெட்டியும் அவரைக் கொன்ற ரோமாபுரிக்காரர்களுக்குத்தான் வேண்டியிருக்கிறது. பந்தல்காரர்களே, மைக் செட்காரர்களே, போனபடி திரும்பி வராத பொருளைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிற என் இனத்தவர்களே, உங்களுக்கு இது புரியும்.

நான் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவன் என்று ஊரில் பேச்சு. 'கொஞ்சம்' என்று சொன்னவர்கள் நல்லவர்கள். அந்தப் பழக்கத்தால் பக்கத்து ஊரான பூவத்தில் ஆரோக்கியமேரி என்கிற பெண்ணின் வீடே போக இருந்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ரோமாபுரி எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் அது விளங்கும் என்பதால் பெட்டியை மேலேயிருந்து ஒவ்வொன்றாகப் பிரிக்கிறேன்.

பட்டை வைத்த அங்கி

ரோமாபுரியில் ஒருவன் யார் என்பதை அவன் அங்கியைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஆட்சி மன்றத்தில் உட்காருகிற பெரிய குடும்பத்தானுக்கு அகலமான ஊதாப் பட்டை. அவனுக்கு அடுத்த படியில் இருக்கிற பணக்காரனுக்கு ஒல்லியான பட்டை. மற்றவனுக்கு வெறும் துணி. ஒரு பாதிரியார் புத்தகத்தில் படம் காட்டி இதைச் சொன்னதிலிருந்து நானும் அப்படியே தைத்து வைத்தேன். அதுவரை எல்லோருக்கும் ஜரிகை வைத்து, ரோமாபுரியையே கல்யாண வீடாக்கி வைத்திருந்தேன்.

நெரவிப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து பதினெட்டுப் பேர் அளவு பார்க்க வந்தார்கள். அகலப் பட்டை நாலு பேருக்குத்தான் உண்டு. அந்த நாலும் யாருக்கு என்பது ஊரிலேயே முடிவாகியிருந்தது; நான் கேட்கவுமில்லை, அவர்கள் சொல்லவுமில்லை. கடைசியாக நின்றவர் நடவு, அறுப்பு என்று கூலிக்குப் போகிறவர். வெறும் அங்கியை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்: "ஐயா, ரோமாபுரி வரைக்கும் போயும் நமக்கு இதே எடந்தானுங்களா?"

இரண்டு தலைவர்கள்

ராஜாவைத் துரத்திவிட்ட பிறகு ரோமாபுரிக்காரர்கள் வருஷத்துக்கு இரண்டு தலைவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒருவர் செய்வதை மற்றவர் 'கூடாது' என்று தடுத்துவிடலாம். எவனும் மறுபடி ராஜா ஆகிவிடக் கூடாது என்பதற்காக. ஒரு ஊரில் நாடகக் குழுத் தலைமைக்கு இரண்டு பேர் மல்லுக்கு நின்றார்கள். நான் சும்மா இருக்காமல், "ரோமாபுரி முறைப்படி ரெண்டு பேரும் இருங்களேன்" என்று யோசனை சொன்னேன்.

இருந்தார்கள். ஒருவர் மேடை கிழக்கே என்றார். மற்றவர் கூடாது என்றார். ஒருவர் மேற்கே என்றார்; அதுவும் கூடாது. பெட்டிகள் பிரிக்காமலே திரும்பி வந்தன. கொண்டுவந்து இறக்கியவர் அந்த இரண்டு பேரில் ஒருவர்தான். அவர் சொன்னது: "எப்படிண்ணே அவனுங்க அத்தனை தேசத்தப் புடிச்சானுங்க? எங்களால ஒரு சவுக்குக் கம்பு நட முடியலையே!"

சொல்தா

அத்தனை தேசத்தை எப்படிப் பிடித்தார்கள் என்பதை எனக்கு விளங்க வைத்தவர் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். சிலுவையடியில் நிற்கிற நூற்றுவர் தலைவன் வேஷம் வருஷா வருஷம் அவருக்குத்தான். ஒருமுறை பெல்ட் வாரை இறுக்கிக்கொண்டே அவரிடம் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அந்தச் சிப்பாய்களில் முக்கால்வாசிப் பேர் ரோமாபுரியைக் கண்ணாலேயே பார்க்காதவர்கள். பிடித்த தேசத்தில் ஆள் எடுத்து அடுத்த தேசத்தைப் பிடிக்க அனுப்புவார்கள். இருபத்தைந்து வருஷம் உயிரோடு இருந்து முடித்தால், 'நீயும் இனி ரோமாபுரிக் குடிமகன்' என்று வெண்கலத் தகட்டில் எழுதிக் கொடுப்பார்கள்.

சொல்தா முழங்காலுக்குக் கீழே இருந்த பழைய தழும்பைத் தடவிக்கொண்டார். அவருக்கும் அப்படி ஒரு பிரெஞ்சுக் குடியுரிமைக் காகிதம் உண்டு. அவருடைய பிள்ளைகள் அந்தக் காகிதத்தால்தான் கடல் கடந்து போய் இருக்கிறார்கள். அவர் இங்கே தனியாக இருப்பதும் அதனால்தான். எழுந்து போகும்போது சொன்னார்: "டிரெஸ்ஸ மட்டும் குடுங்க பக்கிரி. நடிப்பு எனக்கு யாரும் சொல்லித் தர வேணாம்."

பித்தளைப் பேசின்

இயேசுநாதருக்குத் தீர்ப்புச் சொன்ன ரோமாபுரி அதிகாரி பிலாத்து; அந்த வேஷக்காரர் லூர்துராஜ். ஓர் அரசு அலுவலகத்தில் நிலம் சம்பந்தமான எழுத்து வேலை. ரோமாபுரி எந்த ஊரையும் நேரே வந்து ஆளாது. ஓர் ஆளை அனுப்பிவைக்கும். வரி வர வேண்டும், கலகம் வரக் கூடாது, மேலே கடிதம் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். இதைச் சொன்னால் லூர்துராஜ் சிரிப்பார். எங்கள் மாவட்டத்துக்குத் தலைநகரம் புதுச்சேரி. நடுவில் தமிழ்நாட்டுக்குள் புகுந்து பஸ்ஸில் அரை நாள் போக வேண்டும். பிலாத்துவின் கஷ்டம் லூர்துராஜுக்குப் பாடம் பண்ணாமலே வரும்.

பூவத்தில் முதல் தடவை அவர் நடித்தபோது கை கழுவுகிற காட்சிக்கு நீல நிற பிளாஸ்டிக் பேசினைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். 'இந்த மனுஷன் ரத்தத்தில் எனக்குப் பங்கில்லை' என்று பிலாத்து சொல்லுகையில் ஜனங்கள் சிரித்தார்கள். ஆரோக்கியமேரிக்கு அது பொறுக்கவில்லை. வாய்க்கால்கரையில் இருந்த தன் வீட்டுக்கு நடந்து போய் ஒரு பித்தளைத் தாம்பாளத்தைக் கொண்டுவந்தார். அவருடைய அப்பா அந்த வீட்டைக் கட்டி, பாதிரியாரை அழைத்து ஜெபம் சொல்லி மந்திரித்த அன்று தாய்மாமன் கொடுத்தது. நடுவில் பேர் வெட்டியிருந்தது: 'பூவம் வாய்க்கால்கரை வீடு மந்திரிப்புக்கு, மாமன் சவரிமுத்து', கீழே வருஷம். நாடகம் முடிந்தும் அவர் அதைத் திரும்பக் கேட்கவில்லை. "ஆண்டவர் காரியத்துக்கு வந்தது, ஒங்க பெட்டியிலேயே இருக்கட்டும். தொலைச்சுடாதீங்கய்யா, அவ்ளோதான்."

நான் தொலைக்கவில்லை. செய்தது அதைவிட மோசம்.

கடலில் கிடைத்த தலைக்கவசம்

என்னிடம் ஒரு பித்தளைத் தலைக்கவசம் உண்டு. ரோமாபுரிக் கப்பல் ஒன்று நம் கரைக்கு மிளகு வாங்க வந்து மூழ்கியது, வலையில் சிக்கி வந்தது, மூன்று நாள் உப்புத் தண்ணீர் வடிந்தது என்று எல்லோரிடமும் சொல்வேன். கேட்கிறவர் முகம் நன்றாக இருந்தால் உள்ளே ஒரு நண்டு இருந்ததையும் சேர்த்துக்கொள்வேன். உண்மையில் அது பழைய பாத்திரக் கடையில் வாங்கிய தண்ணீர்க் குடம். பாதியாக வெட்டிக் கொண்டை வைத்தது.

ஒருநாள் பள்ளி ஆண்டு விழாவுக்கு டிரெஸ் எடுக்க ஒரு மீனவர் மகளோடு வந்தார். கடல் என்றதும் அக்கறையாக வாங்கிப் பார்த்தார். விளிம்பை விரலால் தடவினார். உள்பக்கம் திருப்பினார். கடையில் ஆறேழு பேர் இருந்தார்கள். எல்லோருக்கும் கேட்கும்படி, கொஞ்சமும் சிரிக்காமல் கேட்டார்: "ஏங்க, ரோமாபுரி ராஜாவுக்குச் சீர் செஞ்சது ரா. கமலாம்பாளுங்களா?"

ராவிய பேர்

அந்த அவமானம் எனக்குத் தாங்கவில்லை. மறுநாளே பெட்டியில் இருந்த பித்தளை அத்தனையையும் பட்டறைக்கு அனுப்பி, பேர்களையெல்லாம் அரத்தால் ராவி பளபளவென்று பாலிஷ் போடச் சொன்னேன். தாம்பாளமும் அதில் போனது. யோசித்தேனா? யோசித்தேன். 'அந்த அம்மாவுக்கு இனி எதற்கு' என்று யோசித்தேன்.

நாலு மாதம் கழித்து ஆரோக்கியமேரி கடைக்கு வந்தார். வாய்க்காலை அகலப்படுத்தப் போகிறார்கள், கரையில் இருக்கும் வீடுகளுக்கு நோட்டீஸ் வந்துவிட்டது. வெகு காலமாகக் குடியிருப்பவர்களைக் கணக்கில் எடுத்து வாய்க்கால் எல்லைக் கோட்டை மாற்றிப் போடுவார்களாம். ஆனால் அதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். பழைய காகிதமெல்லாம் வெள்ளத்தில் போய்விட்டது. இருப்பது புது அட்டைகள்தான். "அந்தத் தாம்பாளம் இருக்குல்லங்கய்யா? அதுல வீடும் இருக்கு, வருஷமும் இருக்கு" என்றார். எடுத்துக் கொடுத்தேன். முந்தானையால் நடுவைத் துடைத்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடி துடைத்தார். அழுக்குதான் பேரை மறைக்கிறது என்று நினைத்துவிட்டார்.

 பேரை ராவச் சொன்னது நான்தான் என்று சொன்னேன். சொல்லிவிட்டு, என் புத்தி போகிற வழியிலேயே போய், "நாளைக்கே அதே எழுத்த அதே எடத்துல வெட்டித் தரேம்மா, பழசு மாதிரியே இருக்கும். யாருக்கும் தெரியாது" என்றேன். அவர் திட்டவில்லை. தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "வேணாங்கய்யா. நீங்க வெட்டுனா எங்க வீடும் ஒங்க கப்பல் மாதிரி ஆயிடும்."

சாட்சி

இடத்தைப் பார்த்து அறிக்கை எழுதுகிறவர் லூர்துராஜ்தான். இருவரும் அவர் மேஜைக்கு முன்னால் போய் நின்றோம். நடந்ததை ஒரு சொல் கூட்டாமல் சொன்னேன். கூட்டாமல் சொன்னதால் எனக்கே அது பொய் போலக் கேட்டது.

"அண்ணே, ஒங்க வார்த்தைய வெச்சு நான் மேலே எப்படி எழுதறது? போன மாசந்தான் நண்டு கதை சொன்னீங்க" என்றார்.

"என் வார்த்தை வேணாம் தம்பி. பன்னெண்டு வருஷமா இதுல கை கழுவுனது யாரு?"

லூர்துராஜ் தாம்பாளத்தை வாங்கினார். சிலுவையில் அறையச் சொல்லி ஜனம் கத்துகிறபோது பிலாத்து தலை குனிந்து தண்ணீரையே பார்க்க வேண்டும். நான்தான் அப்படிச் சொல்லிக் கொடுத்திருந்தேன். வழவழவென்று இருந்த நடுவில் விரலை வைத்து, பாடம் ஒப்பிக்கிறவர் போல மெதுவாகச் சொன்னார். பூவம், வாய்க்கால்கரை, வீடு மந்திரிப்பு, மாமன் சவரிமுத்து, வருஷம். வருஷத்தில் கடைசி எண் சற்றுச் சாய்ந்திருக்கும் என்பதையும் சொன்னார். ஆரோக்கியமேரி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

அறிக்கை எழுதுகிறவரே சாட்சியாக முடியாதாம். அதனால் லூர்துராஜ் அந்தக் கோப்பைப் பக்கத்து மேஜைக்கு மாற்றச் சொல்லி எழுதிவிட்டு, 'பேர் வெட்டியிருந்ததை நான் பலமுறை கண்ணால் பார்த்திருக்கிறேன்' என்று தனித் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேரை ராவியவன் என்ற முறையில் கீழே நானும் போட்டேன். பிலாத்து கூட்டத்துக்குப் பயந்ததைவிட, ரோமாபுரிச் சக்கரவர்த்தி சீசருக்கு யாராவது எழுதிப் போட்டுவிடுவார்களோ என்றுதான் அதிகம் பயந்தான். லூர்துராஜுக்கும் மேலே ஒரு சீசர் உண்டு; 'உமக்கு எதற்கு இந்த வேலை' என்று கேட்டு ஒரு கடிதம் வந்தது, பிறகு ஜன்னல் இல்லாத அறைக்கு மாற்றினார்கள். ஆனால் அளக்க வந்தவர்கள் ஆரோக்கியமேரியின் வாசற்படிக்கு நாலடி தள்ளிக் கல் நட்டுவிட்டுப் போனார்கள்.

அடுத்த தவக்காலத்தில் லூர்துராஜ் அளவு பார்க்க வந்தார். ஊதாப் பட்டை அங்கியைத் தோளில் போட்டுக்கொண்டு, ஆரோக்கியமேரி மறுபடி என் பெட்டிக்கே கொடுத்திருந்த தாம்பாளத்தை மேஜையிலிருந்து எடுத்துக் குனிந்து பார்த்தார்.  பிறகு சொன்னார்: "நல்லாத்தாண்ணே பாலிஷ் போட்டிருக்கீங்க. இனிமே குனிஞ்சா என் மூஞ்சிதான் தெரியும்."

ஆக, நாற்பது வருஷத்தில் நான் கூட்டாமல் சொன்ன ஒரே உண்மையை ஊர் நம்புவதற்கு ஒரு பிலாத்து வந்து கையெழுத்துப் போட வேண்டியிருந்தது என்பதே, ரோமாபுரியை வாடகைக்கு விட்டு நான் சம்பாதித்த பேர்.