ராசியில்லாத ஏழாம் இருக்கை

அவசர ஊர்தி அழைப்பு மையத்தில் பன்னிரண்டு இருக்கைகள். அங்கே யாரையும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. இருக்கை எண்தான் பெயர். ஏழாம் இருக்கையில் பதினோரு ஆண்டுகளாக உட்கார்ந்திருந்தவர் எல்லோருக்கும் ஏழக்கா. அந்த இருக்கைக்கு ஒரு பட்டமும் உண்டு: ராசியில்லாத சீட்டு.

மாதம் தவறாமல் அவருடைய கம்ப்யூட்டர்தான் மக்கர் பண்ணும். ஒருநாள் ஒலி வராது. ஒருநாள் எழுத்தெல்லாம் கடுகளவாகிவிடும். ஏழக்கா புலம்பமாட்டார். தாமே நோண்டிச் சரிசெய்துவிட்டு, தேதி போட்டு ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொள்வார்.

"அக்கா கை பட்டாலே மெஷின் படுத்துடுது" என்று முதன்முதலில் சொன்னவன் கணினிப் பிரிவில் இருந்த ஒயர் தம்பி. நான்கு ஆண்டுகளாக இருவருக்கும் மதியச் சாப்பாடு ஒரே மேசையில். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே சாவியை உள்ளே வைத்து சர்வர் அறையைப் பூட்டிவிட்டு அவன் விழித்தபோது, மேலாளர் காதுக்குப் போகாமல் காப்பாற்றியவர் ஏழக்காதான். அதனால் அவன் கேலி அவருக்கு உறைக்கவில்லை, சேர்ந்து சிரித்தார். நாளாக ஆக, தம் கையில்தான் ஏதோ கோளாறோ என்று பாதி நம்பவும் தொடங்கினார்.

இயந்திரத்துக்கு ராசி கிடையாது, காரணம் உண்டு. காரணத்தைத் தேடச் சோம்பல்படுகிறவனுக்கும் அதை மறைக்க நினைக்கிறவனுக்கும் ராசியைப்போல வசதியான சொல் வேறில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை கம்ப்யூட்டரைப் போட்டதும் இடது திரை கறுப்பாகக் கிடந்தது. வலது திரையில் அழைப்புப் படிவம், இடது திரையில் வரைபடம் என்பது அங்கே ஏற்பாடு. என்னவென்று பார்ப்பதற்குள் மணி அடித்தது. மாடிப்படியில் ஒருவர் உருண்டு விழுந்துவிட்டார், பேச்சில்லை. ஏழக்கா வரைபடத்தைத் திறந்தார். இடது திரை உயிரோடு இருப்பதாகவே கம்ப்யூட்டர் நம்பிக்கொண்டிருந்ததால், வரைபடம் அந்த இருட்டுக்குள் போய்த் திறந்தது. பக்கத்தில் எட்டாம் இருக்கைப் பெண் வேறோர் அழைப்பில் இருந்தாள். அவள் முடிக்கும்வரை காத்திருந்து, அவள் திரையைப் பார்த்து வண்டியை அனுப்ப ஒன்பது நிமிடம் தாமதம். விழுந்தவர் பிழைத்துக்கொண்டார்.

அடுத்த அழைப்புகளை எட்டுக்குத் திருப்பிவிட்டு ஏழக்கா வேலையில் இறங்கினார். கேபிளைக் கழற்றி மாட்டினார், இருட்டு. வலது திரையின் கேபிளை எடுத்து இடது திரையில் செருகினார். படம் பளிச்சென்று வந்தது. அதே கேபிளின் மறுமுனையைக் கம்ப்யூட்டரின் இன்னொரு துளைக்கு மாற்றினார், மறுபடி இருட்டு. ஆக, திரையும் நன்றாக இருக்கிறது, கேபிளும் நன்றாக இருக்கிறது. கோளாறு கம்ப்யூட்டருக்குள்ளேதான். திரைகளை இயக்கும் மென்பொருளான டிரைவரின் தேதியைப் பார்த்தார். முந்தின நாள் வந்த அப்டேட்டில் அது மாறியிருந்தது. பழைய டிரைவருக்குத் திரும்பியதும் இடது திரை விழித்துக்கொண்டது. இடமும் வலமும் மாறிக் கிடந்ததை இழுத்து ஒழுங்குபடுத்திவிட்டு நோட்டில் எழுதினார்.

வியாழக்கிழமை மெமோ வந்தது. ஏழாம் இருக்கையில் இருப்பவர் கேபிளை அசைத்ததால் திரை அணைந்ததாகக் கணினிப் பிரிவின் அறிக்கை சொன்னது. தவறை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும். திங்கள் முதல் அழைப்பு எடுக்கக் கூடாது, கோப்பு அறைக்குப் போக வேண்டும்.

ஏழக்கா பேனாவை எடுக்கவில்லை. எட்டாம் இருக்கைக்குப் போனார்.

"எட்டு, உன் மெஷின்ல அப்டேட் பட்டியலக் கொஞ்சம் திற."

அந்த அப்டேட் அங்கே வந்திருக்கவே இல்லை. பழையவற்றைத் தம் நோட்டோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டார்.

மதியம் ஒயர் தம்பி வழக்கம்போல எதிரே வந்து உட்கார்ந்தான்.

"தம்பி, அப்டேட் வரிசையில முதல் ஆளு யாரு?"

"அதெல்லாம் தானா வரும்க்கா."

ஏழக்கா நோட்டை விரித்து வைத்தார். "மொத்தம் இருபத்திரண்டு தேதி. இருபத்திரண்டுலயும் எனக்குத்தான் முதல்ல. எட்டுக்கு வந்ததெல்லாம் பத்து நாள் கழிச்சு. ராசியா இது?"

அவன் கரண்டியைக் கீழே வைத்தான். "எல்லாத்துலயும் ஒண்ணா போட்டா மொத்த ரூமும் படுத்துடும். ஒண்ணுல போட்டுப் பாக்கணும்க்கா. அது தப்பில்ல."

"தப்பில்லதான். ஏன் சொல்லல?"

"மத்தவங்க உடனே மேலாளர்கிட்ட ஓடுவாங்க. நீங்க சத்தம் போடாம நீங்களே சரி பண்ணிக்குவீங்க. அதான்..."

"கேபிள்னு எழுதினியே?"

"சோதனை மெஷின்ல அவசர அழைப்பு வாங்க விட்டேன்னு தெரிஞ்சா என் வேலை போயிடும். உங்களுக்கு கோப்பு அறைதானேக்கா?"

"என் கைல ராசியில்லன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சியே, அது?"

"அது... சும்மா தமாஷுக்கு."

தம்முடைய பொறுமையைப் பார்த்தே தம்மைப் பொறுக்கி எடுத்திருக்கிறான் என்பது அப்போதுதான் ஏழக்காவுக்கு முழுசாக உறைத்தது. பாதி சாப்பாட்டோடு டப்பாவை மூடிக்கொண்டு எழுந்தார்.

மெமோவுக்குப் பதில் எழுதி, இருபத்திரண்டு தேதிகளையும் இணைத்துக் கொடுத்தார். மேலாளர் கூப்பிட்டார்.

"எதுக்கும்மா எழுத்துல எல்லாம்? நான் மெமோவக் கிழிச்சுடறேன், நீங்க இதக் கிழிச்சுடுங்க. முடிஞ்சுது கதை."

"கேபிள்னு எழுத்துலதானே சார் வந்துது? இல்லைங்கறதும் எழுத்துலயே வரட்டும்."

நான்கு நாள் இழுத்தடித்து, பதில் மூன்று வரியில் வந்தது. மெமோ ரத்து, ஏழாம் இருக்கை ஏழக்காவுக்கே. இனிமேல் அப்டேட்டுகளை முதலில் கணினிப் பிரிவின் சொந்தக் கம்ப்யூட்டரில்தான் போட வேண்டும். யார் பொய் எழுதினார்கள் என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அடுத்த மாதம் ஒயர் தம்பியின் இரண்டு திரைகளில் ஒன்று அணைந்தது. "தம்பிக்கு ராசி போச்சுடோய்!" என்று எட்டு கத்த, அறையே சிரித்தது. ஏழக்கா சிரிக்கவில்லை.

"அக்கா..." என்று அவன் தயங்கித் தயங்கிக் கூப்பிட்டான்.

அவர் திரும்பவில்லை. "எட்டு, டிரைவர் தேதியப் பாக்கச் சொல்லு" என்றார். அடுத்த அழைப்பை எடுத்தார்.