நான் கடன் வாங்கிய பி.டி. பீரியடுகள்

இன்று கும்மிடிப்பூண்டி பக்கம் எங்கள் அரசுப் பள்ளியில் மேலாண்மைக் குழுக் கூட்டம். வந்திருக்கும் அரசு நிதியில் இன்னொரு ஸ்மார்ட் போர்டு வாங்குவதா, மழை பெய்தால் குளமாகிவிடும் மைதானத்துக்கு மண் கொட்டி மேடாக்குவதா என்று பெரிய விவாதம்.

"பசங்க கணக்குலயே தடுமாறிக்கினு கெடக்குதுங்க. ஓடி ஆடி இன்னா ஆவப்போவுது?" என்றார் ஒரு தந்தை.

இதே பள்ளியில் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியன் நான்; இப்போது குழுவில் ஓர் உறுப்பினன். 'நியாயம்தானே' என்று தலையாட்டினேன்.

குழுத் தலைவி செல்வி என் பழைய மாணவி. இப்போது சிப்காட்டில் வேலை. மகள் பள்ளி வாலிபால் அணியில் இருக்கிறாள்.

"சார், போர்ஷன் முடிக்கணும்னு எங்க பி.டி. பீரியடெல்லாம் வாங்கிக்கினீங்களே, ஒண்ணாவது திருப்பிக் குடுத்தீங்களா? எம் பொண்ணாவது ஆடட்டும் சார்!"

கூட்டமே சிரித்தது. என்னாலும் அடக்க முடியவில்லை.

கை தூக்கச் சொன்னார்கள். இரண்டு பக்கமும் சமம். மிச்சம் இருந்தது என் கை மட்டும்தான்.

மைதானத்துக்குத் தூக்கினேன். ஜெயித்துவிட்டோம்! ஜன்னலுக்கு வெளியே காத்திருந்த வாலிபால் பெண்கள் போட்ட கூச்சல் இன்னும் காதில் கேட்கிறது.

செல்வியின் வகுப்புக்கு ஒரு பீரியடைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. என்னைப் போல் கடன் வாங்கிய மற்ற கணக்கு ஆசிரியர்கள், கமெண்டில் வந்து ஒப்புக்கொள்ளலாமே?