துப்புவதற்கு ஒரு வாளி

எங்கள் வீட்டுச் சமையலறைத் தட்டில் வாய் அகன்ற சின்ன எவர்சில்வர் வாளி ஒன்று இருக்கிறது. பல வருடங்களாக அதில் வெள்ளைப்பூண்டு போட்டு வைத்திருந்தேன். வருகிறவர்கள் பூச்சாடி என்று நினைத்துக்கொள்வார்கள். அது வைனை ருசி பார்த்துவிட்டுத் துப்புகிற வாளி. நுவரெலியாவில் ஒரு பழைய ஹோட்டலில் மது பரிமாறும் பார் ஸ்டுவர்ட்டாக இருந்த என் அண்ணன், அங்கே கழித்துப் போட்டதைக் கேட்டு வாங்கி வந்தார். "நமக்கு எதுக்குண்ணே இது?" என்றேன். "எனக்குந்தான் எதுக்கு? ஒரு நாளாச்சும் இதுல துப்பியிருந்தாத்தானே!" என்று சிரித்தார்.

லீவு கிடைத்தால் அண்ணன் நானுஓயா வழியாக பஸ் ஏறி லிந்துலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்துவிடுவார். ஒரு போத்தல்கூடக் கொண்டுவந்ததில்லை, கொண்டுவருவதெல்லாம் பேச்சுதான். அடுப்படிப் பலகையில் கால் நீட்டி உட்கார்ந்து, நாங்கள் கண்ணால்கூடப் பார்த்திராத வைன்களை எங்கள் நாக்குக்குப் புரியவைப்பார். "பாப்பா, கொழுந்தக் கிள்ளுனதும் வெரல்ல ஒரு பச்ச வாசம் நிக்குமே, நியூசிலாந்து வெள்ள வைன்ல மொதல்ல அதுதான் வரும்" என்பார் என்னிடம். ஜெர்மனியின் ரீஸ்லிங் வைனுக்கு நுவரெலியா ரோட்டோரத்தில் விற்கும் பேரிக்காயைச் சொல்வார்: கடித்ததும் புளிப்பு, மெல்ல மெல்ல இனிப்பு. ஆஸ்திரேலியாவின் ஷிராஸ் என்றால் அப்போதுதான் தட்டிய மிளகு. பிரான்சின் சிவப்பு வைனைப் பற்றிக் கேட்டால் என் கையிலிருக்கும் பால் விடாத தேநீர்க் கோப்பையைக் காட்டுவார். "சாயம் கூடிப்போன பிளேன்டீ நாக்கப் புடிக்குதுல்ல, அதே புடிதான்." ஒரே திராட்சை நாட்டுக்கு நாடு ஏன் மாறுகிறது என்று எங்களில் யாரும் கேட்டதில்லை. மழை விடாத நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துக் கொழுந்தும் பனி விழுகிற நானுஓயாக் கொழுந்தும் ஒரே சாயம் தராது என்பது தோட்டத்தில் பிறந்த யாருக்கும் தெரியும். மண்ணும் காற்றும் இலைக்குள் இறங்கும்போது பழத்துக்குள் இறங்காதா என்ன?

அண்ணனுக்கு எல்லாம் வந்தது. துப்ப மட்டும் வரவில்லை. பயிற்சி கொடுக்கக் கொழும்பிலிருந்து வந்தவர், வாயில் வைத்துச் சுழற்றிவிட்டுத் துப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் ருசியும் மங்கும், ஆளும் மங்கிவிடுவான் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார். மற்றவர்கள் துப்பினார்கள். அண்ணன் தலையைத் திருப்பிக்கொண்டு விழுங்கினார். சின்ன வயதில் அவர் தோட்டத்து மாதா கோயிலில் பூசைக்கு உதவி செய்தவர். எங்களுக்குத் தெரிந்த ஒரே வைன் பீடத்தில் இயேசுவின் இரத்தமாக இருந்ததுதான். "கிண்ணத்தக் கழுவுன தண்ணியக்கூட ஃபாதர் கீழ ஊத்த மாட்டாரு, குடிச்சிருவாரு. நான் எப்புடித் துப்புறது?" என்பார். ஹோட்டல் வைன் வெறும் வைன்தான் என்று அவர் அறிவுக்குத் தெரியும். தொண்டைக்குத்தான் தெரியவில்லை. வேலைக்காக விழுங்கிப் பழகிய தொண்டை பிறகு வேலை இல்லாத நேரத்திலும் கேட்டது. ஈரல் கெட்டு, போன வருடம் போய்விட்டார். 

இப்போது என் மகள் நுவரெலியாவில் வேறொரு ஹோட்டலில் வேலை செய்கிறாள். வைன் பரிமாறும் பயிற்சிக்கு அவளைத் தெரிவு செய்திருக்கிறார்கள். மாமாவின் பேச்சைக் கேட்டு வளர்ந்தவள், ஆசைப்பட்டதில் ஆச்சரியம் இல்லை. நான் வேண்டாம் என்றேன். அவள் ஹோட்டலுக்குப் பதில் சொல்லாமல், என் வாயிலிருந்து சரி என்று வர வேண்டும் என்று காத்திருந்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, சம்பளத்தில் வாங்கிய ஒரு சின்ன ஷிராஸ் போத்தலோடு வந்து நின்றாள். பூண்டைச் சுளகில் கொட்டிவிட்டு வாளியை மேசைமேல் வைத்தாள். கிளாசில் இரண்டு விரல் உயரத்துக்கு ஊற்றி, மூக்கை உள்ளே விட்டு, "மிளகும்மா. மாமா சொன்ன அதே மிளகு" என்றாள். வாயில் வைத்துச் சுழற்றினாள். என் கண் அவளுடைய தொண்டையிலேயே இருந்தது. குனிந்து, ஒரே கோடாக வாளிக்குள் துப்பினாள்.

"இன்னொரு தடவ செய்" என்றேன்.

"என்னம்மா, பொலிஸ் மாதிரி நிக்கிறீங்க!" என்று சொல்லிக்கொண்டே செய்தாள். மறுபடியும் சொன்னேன், மறுபடியும் செய்தாள். பிறகு கிளாசை என்னிடம் நீட்டினாள். "நீங்களும் ஒரு வாய் பாருங்க. அப்பத்தான் பயம் போகும்."

வாங்கினேன். மிளகு வந்தது, பின்னாலேயே சாயம் கூடிய பிளேன்டீயின் பிடி வந்தது. வாளிக்கு மேல் குனிந்தேன். உதடு திறக்கவில்லை. பீடமும், கிண்ணத்தைத் துடைக்கும் வெள்ளைத் துணியும் கண்முன் வந்து நின்றன. எவ்வளவு முயன்றும் முடியவில்லை, விழுங்கிவிட்டேன்.

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "போச்சு! நீங்களும் மாமாவேதான்!"

உண்மைதான். நான் பயந்தது அவளுடைய தொண்டைக்கு அல்ல, அண்ணனுக்கும் எனக்கும் வாய்த்த தொண்டைக்கு. விழுங்க மட்டுமே தெரிந்த அந்தத் தொண்டை அவளுக்குக் கிடையாது. "சரி, போ" என்றேன். சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

அன்றைக்கே வாளியைச் சாம்பல் போட்டுத் துலக்கினேன். பூண்டு இப்போது ஒரு பிளாஸ்டிக் கூடையில் கிடக்கிறது. வாளி அதே தட்டில் காலியாக இருக்கிறது, அவள் லீவில் வரும்போது துப்புவதற்கு.