தீச்சட்டி வாங்கப் போன இடத்தில் பிடுங்கிய பல்

எமர்ஜென்சி வருவதற்கு முந்தின வருஷம், ஆடி மாதம். மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிய மறுநாளே என் கடைவாய்ப் பல் வீங்கிவிட்டது. பல்வலியைப் போய் இவ்வளவு பெரிசாகச் சொல்ல வந்துவிட்டாளே என்று சிரிக்காதீர்கள். அந்தப் பல்லால் என் கால் போக இருந்தது. ஆத்தா காப்பாற்றினாள்.

என் பெயர் சரோஜா. தங்கச் சுரங்கத்து ஊரான சாம்பியன் ரீப்ஸ் கடைத்தெருவில் எங்களுக்கு வளையல் கடை. அதற்கு முந்தின வருஷம் ஒரு மத்தியானம், ஸ்டூல் மேல் ஏறி மேல்தட்டிலிருந்து வளையல் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தேன். கீழே சுரங்கத்தில் எங்கேயோ பாறை வெடித்தது. அப்படி வெடித்தால் மேலே எங்கள் வீடுகளில் பாத்திரம் உருளும். அன்றைக்கு நானே உருண்டேன். கண்ணாடி வளையல் ஒன்றுகூடத் தப்பவில்லை. தொடை எலும்பு இடுப்போடு சேருகிற இடத்தில் முறிந்துவிட்டது.

வேலூருக்குக் கொண்டுபோனார்கள். முறிந்த எலும்பின் தலையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எஃகுக் குண்டு ஒன்றை வைத்தார்கள். அப்போதெல்லாம் அது புதுசு. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்கள். இனிமேல் இவள் மூலையில்தான் என்று அவர்கள் முகத்திலேயே எழுதியிருந்தது. எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. படுத்தபடியே வேண்டிக்கொண்டேன். "ஆத்தா, என் கால்ல என்னை நடக்க வை. அடுத்த ஆடிக்கு உன் தீச்சட்டியை ஏந்திக்கினு தெருத்தெருவா நடந்தே வரேன்."

அவள் நடக்கவைத்தாள். முதலில் கக்கத்தில் கட்டை வைத்து, பிறகு கைத்தடி ஊன்றி. ஊருக்குக் கிளம்பும்போது ஆபரேஷன் செய்த டாக்டர் என்னை உட்காரவைத்து ஒன்று சொன்னார். "இனிமே பல்லைப் பிடுங்கணும்னா முன்னாடியே பென்சிலின் ஊசி போட்டுக்கணும்மா. பல்லைப் பிடுங்கும்போது வாயில இருக்கிற கிருமி ரத்தத்துல ஏறும். வேற இடமா இருந்தா உடம்பே அதைக் கொன்னுடும். எஃகு இருக்கிற இடத்துல போய் ஒட்டிக்கிச்சுன்னா உடம்பால முடியாது. அப்புறம் குண்டையே வெளியே எடுக்கவேண்டி வரும்." நான் தலையாட்டினேன். குண்டை எடுத்துவிட்டால் மறுபடி படுக்கைதான். அது எனக்கு நன்றாகவே புரிந்தது.

இப்போது பல் வீங்கிவிட்டது. கம்பெனி ஆஸ்பத்திரி சுரங்கத்து ஆட்களுக்குத்தான், எங்களைப் போன்ற கடைக்காரர்களுக்கு இல்லை. பல் டாக்டர் இருந்தது பங்காருபேட்டையில். ரயிலில் போய்விடலாம். ஆனால் கையில் மஞ்சள் காப்பு இருக்கிறது. காப்புக் கட்டியவர்கள் திருவிழா முடிகிறவரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. எங்கள் குடும்பத்தில் யாரும் தாண்டியதில்லை.

என் வீட்டுக்காரரின் அக்கா அப்போது எங்களோடு இருந்தார். நல்ல மனசு, ஆனால் எதற்கும் அவரிடம் உடனே ஒரு வழி இருக்கும். "எதுக்குடி சரோஜா கஷ்டப்படறே? சந்தையில பல்லு பிடுங்கறவன் கீறான் இல்ல? குறடு வெச்சி ஒரே இழுப்பு. எல்லைக்குள்ளாறவே வேலை முடிஞ்சிடும்."

"அண்ணி, அவன்கிட்ட ஊசி இல்லியே. கால்ல எஃகு கீது."

"பல்லு வாயில கீது, எஃகு இடுப்புல கீது. அதுக்கும் இதுக்கும் இன்னாடி?"

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. வலி தாங்காமல், போய்விடலாமா என்று நானும் எழுந்தேன். பிறகு வேலூர்க் கட்டில் ஞாபகம் வந்தது. உட்கார்ந்துவிட்டேன். பல்லைப் பிடுங்காமல் விட்டால் சீழ் வைக்கும். ஊசி இல்லாமல் பிடுங்கினால் கால் போகும். எல்லை தாண்டினால் ஆத்தாளுக்குக் கொடுத்த வாக்குப் போகும். நான் எந்தப் பக்கம் போவேன்?

கன்னம் பன்னு மாதிரி உப்பிக்கிடக்க, முந்தானையால் மூடிக்கொண்டு கோவிலுக்குப் போனேன். கெஞ்சவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், சண்டைதான் போட்டேன். "நடக்க வெச்சது நீ. காப்புக் கட்டச் சொன்னதும் நீ. இப்ப வழியை அடைச்சிக்கினு நின்னா எப்படி? நான் சந்தைக்காரன்கிட்டயும் போக மாட்டேன், காப்பையும் அவுக்க மாட்டேன். நீயே ஒரு வழி சொல்லு. சொல்றவரைக்கும் எழுந்திருக்க மாட்டேன்."

தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் பூசாரி பதறிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு வருஷமும் தீச்சட்டிகளை மாட்டுவண்டியில் கொண்டுவந்து கொடுக்கும் குயவருக்குப் பங்காருபேட்டையிலேயே வண்டி அச்சு முறிந்துவிட்டதாம். சட்டியெல்லாம் அங்கேயே நிற்கிறது. "காப்புக் கட்டினவங்கதான் அதைத் தொட்டு எடுத்தாரணும். எல்லாரும் ஷிப்டுக்குப் போயிட்டாங்க. யாரை அனுப்புறது?"

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. "எல்லை தாண்டலாமா, சாமி?" என்று கேட்டேன்.

"ஆத்தா வேலையா போனா ஆத்தாளும் கூட வர்றா இல்லியா மா? அப்புறம் எல்லை எங்க கீது? ஆனா விளக்கு வெக்கிறதுக்குள்ள திரும்பிடணும். ராத்தங்கக் கூடாது."

அதுவரைக்கும் என் பல்லைப் பற்றி நான் அவரிடம் மூச்சுவிடவில்லை. பிறகுதான் சொன்னேன். அவர் கண்ணை மூடித் திறந்து, என் நெற்றியில் திருநீறு வைத்தார். "போய்ட்டு வா" என்றார்.

வீட்டுக்காரர் கடையைச் சாத்திவிட்டுக் கூட வந்தார். குயவரிடம் சட்டிகளை வைக்கோல் சுற்றிக் கட்டி வைக்கச் சொல்லிவிட்டு, பல் டாக்டரிடம் போனோம். அவர் கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். பார்த்ததும் குறடை எடுத்தார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

"முதல்ல பென்சிலின் போடுங்க சார்."

"ஒரு பல்லுக்கு எதுக்கம்மா பென்சிலின்? வீக்கத்துக்கு அப்புறமா மாத்திரை தரேன்."

"இடுப்புல எஃகுக் குண்டு கீது சார். முன்னாடியே போடணும்னு ஆபரேஷன் பண்ண டாக்டர் சொன்னாரு. போடாம நான் வாயைத் திறக்க மாட்டேன்."

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். பெரிய மனிதரிடம் இப்படிப் பேசுகிறாளே என்று அவருக்குச் சங்கடம். டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. என் கைத்தடியைப் பார்த்தார், தழும்பு எங்கே என்று கேட்டார். "இந்த மாதிரி கேஸ் நான் பார்த்ததில்லை. ஆனா அவர் சொன்னதுல அர்த்தம் இருக்கு" என்றார். கையில் துளி மருந்து ஏற்றி ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்தார். பிறகு ஊசி போட்டார். மருந்து ரத்தத்தில் கலக்கட்டும் என்று உட்காரவைத்தார்.

அந்த உட்கார்தல்தான் பெரிய சோதனை. வாசலில் வெயில் சாய்ந்துகொண்டே போகிறது. சாயங்கால வண்டியை விட்டால் ராத்தங்கல்தான். "ஊசிதான் போட்டாச்சே, சீக்கிரமா பிடுங்கச் சொல்லட்டா?" என்று வீட்டுக்காரர் என் காதருகில் கேட்டார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். வழி திறந்தவள் பாதியில் சாத்த மாட்டாள். மனசுக்குள் அவள் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

பல் வந்தது. பஞ்சைக் கடித்துக்கொண்டு, சட்டிகளை வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தபோது வண்டி கிளம்பவேண்டிய நேரம் தாண்டிவிட்டது. என்னால் ஓட முடியாது. ஆனால் எங்கள் ஊர் வழியாகப் போகிற மாரிகுப்பம் வண்டி பிளாட்பாரத்திலேயே புகை விட்டுக்கொண்டு நின்றது. மதராஸ் வண்டி லேட்டாம், அதில் வருகிறவர்களுக்காக நிறுத்தி வைத்திருந்தார்களாம். பஞ்சைக் கடித்திருந்ததால் வாய் திறந்து ஆத்தா என்று கூப்பிடக்கூட முடியவில்லை. கண்ணீர்தான் வந்தது.

விளக்கு வைப்பதற்குள் சட்டிகள் கோவிலில் இருந்தன. திருவிழாவன்று அதில் ஒன்றை நான் ஏந்தினேன். கைத்தடியை அண்ணியிடம் கொடுத்துவிட்டேன். விழுந்தால் பிடிக்க அவர் என் பின்னாலேயே நடந்து வந்தார். நான் விழவில்லை.

கால் வீங்கவில்லை, காய்ச்சல் வரவில்லை. அதற்குப் பிறகு இன்னொரு பல்லும் போனது. அப்போதும் எஃகு இருப்பதைச் சொல்லி, ஊசி போட்டுக்கொண்டுதான் வாயைத் திறந்தேன். முன்பெல்லாம் டாக்டர், பெரியவர்கள் முன்னால் வாய் பேசாமல் நிற்பவள் நான். ஆத்தாளிடமே வாதாடிய பிறகு மனிதர்களிடம் என்ன பயம்?

அம்மாமார்களே, அக்கா தங்கைகளே, உங்களுக்கும் எந்தப் பக்கமும் வழி தெரியாத நாள் வரும். அவள் முன்னால் போய் உட்காருங்கள். அழத் தோன்றினால் அழுங்கள், சண்டை வந்தால் சண்டை போடுங்கள், அவளுக்குக் கோபம் வராது. அவள் வழி விட்டதும் எழுந்து போங்கள். போன இடத்தில் உங்களுக்கு வேண்டியதை வாய்விட்டுக் கேளுங்கள். நான் கேட்டதால்தான் இந்த ஆடிக்கும் தீச்சட்டி ஏந்தி உங்கள் வாசலுக்கு நடந்து வருகிறேன். தண்ணீர் தெளித்து வையுங்கள்.